ஆவணமும் நூலகமும்

ஆவணம் என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் கொண்ட பொருள்கள் பல. உரிமை என்பது ஒன்று. அடிமைத்தனம் என்பது மற்றொன்று. எழுதி ஒப்பமிட்ட முறி என்பது வேறொன்று. கடைவீதி என்பதும் அதற்குரிய பொருளே. ஒரு சொல்லுள்ளே உரிமையும் அடிமையும் ஒருங்குறைதல் சிலர்க்கு வியப்பாகலாம். உலகியலை நோக்குவார்க்கோ வியப்பில்லை. படித்துணர்ந்து ஒப்பமிடுவானுக்கு உரிமை தரும் ஏடே, படியாது ஒப்பமிடுவானைப் பிறர்க்கு அடிமையாக்கி விடுகின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழ்வோர்க்கு ஆவணத்தின் தேவை நாளும் பெருகி வருகின்றது. கடல்கடந்து வேலைக்குச் செல்லும் இளைஞனுக்குப் பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டும். ஒரு தாளில் ஒருவாறும் மற்றொரு தாளில் வேறொருவாறும் பெயர் எழுதப்பட்டிருப்பின் சத்தியக் கடதாசி வேண்டும். மகளுக்குக் காணி கொடுக்க நொத்தாரிசு உறுதி வேண்டும். 1964 ஆம் ஆண்டு மார்கழிச் சூறாவளியும், நெடிய போரும், 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் இக்கரையிற் பல இல்லங்களின் பெட்டகங்களை வெறுமையாக்கின. இழந்த தாள்களைத் தேடியலைவோர் இன்றும் உளர்.

தமிழாசிரியன் என்பதனால், தாள்களைப் படித்துப் பொருள் கூறுமாறு என்னிடம் வருவோர் பலர். அவருட் பெரும்பாலார் ஒப்பமிட்ட பின்னரே வருகின்றனர் என்பதே என் கவலை. கணவனை இழந்த மூதாட்டி ஒருவர், வாங்கிய கடனுக்கு ஈடு எனக் கருதிப் பெருவிரல் பதித்த தாளைக் கொணர்ந்தார். அஃது அவரறியாத ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆங்கில ஆசிரியர் ஒருவரைக் கொண்டு படிப்பித்தபோது, அது விலை உறுதி எனத் தெரிந்தது. "இதை முன்னமே ஒருவரும் வாசித்துக் காட்டவில்லையே, ஐயா" என்பதன்றி அவர் வேறொன்றும் கூறிற்றிலர்.

சட்டம் இத்தகையாரை மறந்துவிடவில்லை. காணியைக் கைமாற்றும் உறுதி, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதித்தது. வாசிக்க இயலாதவர்க்கு, சாட்சிகளும் கேட்க, உறுதியை வாசித்து விளக்கிய பின்னரே நொத்தாரிசு அதனை அத்தாட்சிப்படுத்தலாம் என்பது 1907 ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் விதி. உறுதியின் மூலம் உரியவரிடத்தும், ஒரு படி காணிப் பதிவகத்தும், மற்றொரு படி நொத்தாரிசிடத்தும் இருத்தல் வேண்டும். வெள்ளம் கொண்டுபோன உறுதிக்குப் பதிவகத்திலிருந்து பிரதி பெற இயல்வது இந்த ஏற்பாட்டினாலேயாம். விதி நன்று, அது வழுவாது நடைபெறுதற்குப் பலரறிந்த இடம் வேண்டும்.

இக்கருத்து நமக்குப் புதியதன்று. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தை மாணாக்கர் பத்திச்சுவைக்காகப் படிக்கின்றனர். அது வழக்கொன்றின் வரலாறுமாகும். முதியவர் காட்டிய ஓலையை நம்பியாரூரர் கிழித்தெறிகின்றார். கிழிந்தது படியோலையே, மூலவோலை வேறுண்டு எனக் கூறிய முதியவர், திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் அதனைக் காட்டுகின்றார். ஆங்கு ஓலை யாவரும் கேட்கப் படிக்கப்படுகின்றது. சாட்சியிட்டோரின் எழுத்து ஆராயப்படுகின்றது. பாட்டனாரின் எழுத்து, அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கப்படுகின்றது. தீர்ப்பு அதன் பின்னரே பிறக்கின்றது. சேக்கிழார் காலத்திலேயே ஆவணத்தைச் சபையிற் படிக்கும் முறைமை தமிழர்க்குத் தெரிந்திருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இன்று அத்தகைய சபையாக அமையத்தக்க இடம் பொது நூலகமே. அமெரிக்க நாட்டிற் பல பொது நூலகங்கள் நொத்தாரிசுப் பணியைத் தம் கூடத்திலேயே, பெரும்பாலும் கட்டணமின்றி, நடத்துகின்றன. ஆயின், அந்நாட்டு நொத்தாரிசின் முதன்மையான கடன் ஒப்பமிடுவார் இன்னார் என உறுதிசெய்தல். நம் நாட்டு நொத்தாரிசோ காணியுறுதியையே வரைபவர். ஆதலின் அம்முறையை இங்கு அப்படியே நடுதல் பொருந்தாது. நமக்கு இயல்வது வேறு. சமாதான நீதவான் ஒருவர் கிழமையில் ஒருநாள் நூலகத்தில் அமர்ந்து, பிரதிகளையும் சத்தியக் கடதாசிகளையும் உறுதிப்படுத்தலாம். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் அறிந்த ஆசிரியர் சிலர் அருகிருந்து, கொணர்ந்த தாளை, ஒப்பமிடுமுன், கொணர்ந்தவர் மொழியில் வாசித்துக் காட்டலாம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களரும் கலந்து வாழும் இந்நகரில் இவ்வுதவி மூவர்க்கும் வேண்டும்.

நூலகம் கச்சேரியன்று, வாசிப்போரின் அமைதி குலையும் என்று சிலர் கூறுவர். அமைதி காத்தற்கு ஒரு புறவறை போதும். காவியம் வாசிப்போனுக்கு உரிய நூலகம், தன் வீட்டு உறுதியை வாசித்தறிய விரும்புவோனுக்கு உரியதன்று என்பது எந்த நியாயம்? ஆசிரியர் சட்டமறியார் என்பது மற்றொரு தடை. அது மெய்யே, ஆதலின் அவர் ஆலோசனை கூறுதல் கூடாது. எழுதியிருப்பதைக் கூட்டாமலும் குறையாமலும் வாசித்தலே அவர் பணி. ஐயம் எழுந்தால் வழக்கறிஞரிடம் செல்லுமாறு கூறுதல் வேண்டும்.

இப்பணத்தை வேண்டா உதவியை ஆசிரியரும் மேல்வகுப்பு மாணவரும் இலக்கியக் கழகத்தாரும் ஏற்றல் வேண்டும். ஏட்டைப் படித்துப் பொருளுரைத்தல் நாம் பயின்ற தொழில். அதனை வகுப்பறைக்குள்ளேயே அடக்கிவிட்டு, ஊரார் படியாத தாள்களில் ஒப்பமிடுவதைப் பார்த்திருத்தல் தகாது. நூலகத்தார் ஒரு மேசையும் கிழமையில் ஒருநாளும் ஒதுக்குவாராயின், முதல் நாளிலேயே வந்தமர நான் ஒருப்படுகின்றேன். உடன்வர விரும்பும் அன்பர்கள் நூலகத்தார்க்குத் தெரிவிப்பாராக.