தகைமை வேண்டியதில்லை!

“கல்வித் தகைமை வேண்டியதில்லை. முன்னனுபவம் வேண்டியதில்லை. பயணச் செலவு எமது பொறுப்பு. குடும்பத்துக்கு முற்பணம் உண்டு.” இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் கடைவீதிகளில் ஒட்டப்படும் இவ்வகை விளம்பரங்களைக் கண்டு படித்தவர்கள் ஆறுதல் கொள்கிறார்கள். ஒன்றும் தெரியாத தோட்டத்துப் பெண்களுக்குக் குவைத்தாவது கிடைக்கிறதே என்பது அவர்கள் ஆறுதல். இந்த ஆறுதலையே நாம் இங்கு எதிர்க்கிறோம்.

ஒன்றும் தெரியாதவள் என்கிறார்களே, யாரை? எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் விடியுமுன் ரப்பர் மலை ஏறுகிற பெண்ணையா? வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆதலால் அவள் இருட்டோடு எழ வேண்டும். பட்டையை நூலிழை கணக்கில் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் சிரட்டையில் பால் விழாது. சற்றே ஆழ்ந்தால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். அந்த இடம் பின்னர் வெட்டுக்கு உதவாது. ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த நுட்பத்தைப் பிசகாமல் செய்பவள் அவள். பிற்பகலில் விறகு, தண்ணீர், சமையல், முதியோர் பராமரிப்பு, குழந்தை வளர்ப்பு. இத்தனையும் செய்பவளைத்தான் ‘பயிற்சியற்றவள்’ என்று பதிவேடு எழுதுகிறது. உண்மையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் புள்ளிவிவர அட்டவணைகளில் அவளுக்கு அந்தப் பெயர்கூடக் கிட்டியதில்லை. தேர்ச்சியுள்ளோர், ஓரளவு தேர்ச்சியுள்ளோர், தேர்ச்சியற்றோர் என நிரல்கள் ஓடி முடிந்தபின், ‘வீட்டுப் பணிப்பெண்’ என்று தனியே ஒரு நிரல்! தேர்ச்சியற்றோர் வரிசையிலும் இடமில்லாத இந்தத் தொழிலாளியின் கையில்தான் ஒரு செல்வந்தர் தம் கைக்குழந்தையையும் படுக்கையில் கிடக்கும் தாயையும் ஒப்படைக்கிறார். ‘தகைமை வேண்டியதில்லை’ என்பதன் பொருள் வேலை எளிது என்பதன்று. கூலியைக் குறைத்துக் கொடுக்கலாம் என்பதே.

இது புதிய தந்திரமுமன்று. நம் பாட்டன் பூட்டன் ஊர்களில் கங்காணி வந்து நின்றபோது அவனும் தகைமை கேட்கவில்லை, முற்பணம் கொடுத்தான். 1901இல் வந்த தகரச் சீட்டு முறையில் தொழிலாளியின் மடியிலிருந்து வழிச்செலவுக்கு ஒரு காசும் வேண்டியிருக்கவில்லை. எண் பொறித்த தகரத் தகடு ஒன்று போதும். செலவெல்லாம் கணக்கில் ஏறிற்று, கணக்குக் கடனாயிற்று. தோட்டம் மாற விரும்பியவன் தன் கடன் இவ்வளவு என்று எழுதிய ‘துண்டை’ ஏந்திச் செல்ல வேண்டும். அக்கடனைத் தீர்க்க முன்வருபவனே அவனுடைய அடுத்த துரை. சொல்லாமல் வேலையை விட்டுப் போவதை 1865ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக்குரிய குற்றமாக்கி வைத்திருந்தது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

ஒழிந்ததா? இன்று லயத்து வாசலில் வந்து நிற்கும் உப முகவரைப் பாருங்கள். அவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். அயல் தோட்டத்தவர், மாமா முறையோ அண்ணன் முறையோ சொல்லி அழைக்கப்படுபவர். அக்காலக் கங்காணியும் உறவினன்தானே! அவர் நீட்டும் முற்பணம், பல மாதம் பேர் போட்டாலும் கையில் மிஞ்சாத தொகை. கணவனின் கடன் தீர்கிறது. கூரைக்குத் தகரம் வருகிறது. பிறகு அந்தப் பெண் அங்கே அடிபட்டோ பட்டினி கிடந்தோ ‘என்னைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று கதறினால், ஒப்பந்தக் காலம் முடியவில்லை, வாங்கிய பணத்தை எண்ணி வை என்கிறார்கள். துண்டில் எழுதிய கடன் வேறு, இந்தக் கடன் வேறா? வளைகுடா நாடுகளின் ‘கபாலா’ முறையில் அவளுடைய விசா எஜமானரின் பெயரோடு கட்டுண்டது. கடவுச்சீட்டையும் அவரே பூட்டி வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. வாசலைத் தாண்டினால் ‘ஓடிப்போனவள்’ என்று பொலிசில் பதிவு. சவூதி அரேபியா 2021 மார்ச்சில் தொழிலாளர் வேலை மாறுவதற்கான விதிகளைத் தளர்த்தியபோது, வீட்டு வேலையாளரை வெளியே நிறுத்திவிட்டது. 1865ஆம் ஆண்டுத் தோட்டச் சட்டத்தை எழுதியவர் இதனைக் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

பேராசை பிடித்துப் போகிறார்கள் என்று கூறுவாரும் உளர். கணக்கைப் பார்ப்போம். தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாயிற்று. அப்போது மாதம் 25 நாள் பேர் விழுந்தால் 33,750 ரூபா. சபரகமுவையின் மழையில் 25 பேர் விழுமா என்று பால் வெட்டுகிறவளைக் கேளுங்கள். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. 2022இல் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் விலையேறிய விதத்தை இதை வாசிப்போருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. இந்தக் கணக்கிலே ஆசைக்கு இடமெங்கே?

அவள் உழைத்து அனுப்பும் பணத்தால் நல்வாழ்வு கண்ட குடும்பங்களும் உண்டு. பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை நாமே அறிவோம். ஆனால் வெளிநாட்டில் வருந்தி உழைத்தவள் ஊர் திரும்பி ஒரு வீடு கட்ட நினைத்தால் எங்கே கட்டுவாள்? லயமும் அதன் முற்றமும் அவளுடையதல்ல. காணி அரசுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனியுடையது. அயலிலுள்ள சிங்களக் கிராமத்துப் பெண்ணும் அதே விமானத்தில், அதே வேலைக்குத்தான் போகிறாள். அவளுடைய துயரும் சிறிதன்று. எனினும் அவளுக்குத் திரும்பிவந்து கல் வைக்க ஒரு துண்டு நிலமாவது பெரும்பாலும் இருக்கிறது. தோட்டத்துப் பெண்ணின் பணம் பத்தடிக் காம்பிராவைச் சுற்றியே கரைகிறது.

இந்தக் கைகளைக் கொண்டு நாடு பிழைப்பது இது முதன்முறையுமன்று. 1952இல் சீனாவுடன் செய்த ரப்பர்–அரிசி ஒப்பந்தம் இலங்கையின் பசியை ஆற்றியது. அந்த ரப்பரில் பெரும்பங்கு எந்த மலைகளில் சுரந்தது? இந்தக் களனிப் பள்ளத்தாக்கிலும் இரத்தினபுரி மலைகளிலும் அல்லவா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, வாக்குரிமையும் பறிக்கப்பட்டிருந்த மக்களல்லவா அதை வெட்டினார்கள்? 1964இல் அவர்களைத் தலைக்கணக்குப் பார்த்து இரு அரசுகளும் பங்கிட்டுக் கொண்டன. 2022இல் டொலர் வற்றியபோது நாடு மீண்டும் வெளிநாட்டு உழைப்பாளரின் முகத்தைப் பார்த்தது. 2023இல் அவர்கள் அனுப்பியது ஏறத்தாழ 600 கோடி அமெரிக்க டொலர். ‘நாட்டின் வீராங்கனைகள்’ என்று புகழுரை மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது.

அரசு அவளை எப்படிப் பாதுகாத்தது? 2013 சனவரி 9ஆம் நாள் மூதூர்ப் பெண் ரிசானா நபீக் சவூதியில் தலை வெட்டப்பட்டாள். 2005இல் அவள் போனபோது வயது பதினேழு. கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. குழந்தை பராமரிப்பில் பயிற்சி எதுவுமில்லாத சிறுமியின் கையில் பால்குடிக் குழந்தை கொடுக்கப்பட்டது. அக்குழந்தை இறந்ததற்கு அவளே கொலையாளி என்றார்கள். ‘அனுபவம் வேண்டியதில்லை’ என்ற வாசகத்தின் முழு விலை அது. அவ்வாண்டே அரசு கொண்டுவந்த ஏற்பாடு என்ன தெரியுமா? குடும்பப் பின்னணி அறிக்கை! ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் போகலாகாது என்றது. போகும் தந்தையிடம் எவரும் அறிக்கை கேட்கவில்லை. வயதைத் திருத்தியவனைத் தேடுவதற்குப் பதிலாகத் தாயின் வீட்டுக்குள் அதிகாரி நுழைந்தார். தடையுண்ட பெண்கள் வீட்டிலிருந்தார்களா? கள்ள வழிகளுக்குத் தள்ளப்பட்டார்கள். டொலர் வேண்டியிருந்த 2022இல் அந்த நிபந்தனைகளைத் தளர்த்த அமைச்சரவைக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. தாய்மையின் புனிதம் அந்நியச் செலாவணிக்கு வழிவிட்டது. அவ்வாண்டின் இறுதியில், சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு விற்கப்பட்ட பெண்களின் செய்தி நாட்டை உலுக்கியது.

நம் ஆசிரியத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. ‘இதுகள் எப்படியும் சாதாரண தரத்தோடு நின்று கார்மெண்ட்சுக்கோ குவைத்துக்கோதான் போகும்’ என்ற பேச்சு ஆசிரியர் அறைகளில் கேட்கிறது. போகாமல் என் செய்யும்? உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகள் ஒழுங்காக நடக்கும் தமிழ்ப் பாடசாலைகளை இம்மாகாணத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் தோட்டங்கள். நுவரெலியாவைப் போல் வாக்குப் பலமும் இல்லை. ஆகையால் அமைச்சர்களின் கண்ணில் படுவதில்லை. கதவை மூடிவைத்துவிட்டு, மாணவி வெளியே நிற்கிறாள் என்று குறை கூறுவது ஆசிரியருக்கு அழகா?

பெண்கள் போகக்கூடாது என்று நாம் கூறவில்லை. அதைக் கூறும் உரிமை எவருக்கும் இல்லை. வீட்டு வேலையாளரும் தொழிலாளரே என்று சர்வதேசத் தொழில் தாபனம் 2011இல் தன் 189ஆம் சமவாயத்தில் எழுதிவைத்தது. அந்தக் கண்கொண்டு பார்த்தால் வேண்டுவன பல. முற்பணத்தைக் கடனாக்கித் திருப்பிக் கேட்கும் முகவரின் அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டு, கையொப்பமிடுமுன் அவள் கையில் ஒரு பிரதி இருக்க வேண்டும். மாதச் சந்தாவைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் தோட்டத் தொழிற்சங்கங்கள், சந்தா கட்டியவள் விமானம் ஏறியதும் அவளை மறந்துவிடாமல், அவள் பெயரையும் வேலை செய்யும் வீட்டின் முகவரியையும் தம் கிளைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பத்தாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் கற்பிக்கும் நாம், ஒரு தொழில் ஒப்பந்தத்தை வகுப்பறையில் வரிக்கு வரி வாசித்துக் காட்டலாம்: சம்பளம் எந்நாளில், ஓய்வுநாள் எது, கடவுச்சீட்டு யார் கையில், தூதரகத்தின் தொலைபேசி எண் என்ன. அதற்குச் சுற்றறிக்கை எதுவும் வரவேண்டியதில்லை. தமிழ்ப் பாடவேளை ஒன்று போதும்.