பெற்றவளை மறந்து போனோமே!

என் மகளை ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தேன். செக்கப், ஸ்கேன் என்று எதிலும் குறை வைக்கவில்லை. சுகப்பிரசவம், ஆண் குழந்தை. வீடே கொண்டாடியது.

நாற்பது நாள் கழிந்திருக்கும். குழந்தையைத் தூக்க எழுந்தவள் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு இருட்டிக்கிட்டு வருதும்மா" என்றாள். அதுவரை அவள் படுத்தே கிடந்ததைப் பார்த்து, 'பச்சை உடம்புக்காரி, சோம்பல்' என்றுதான் நினைத்திருந்தேன். ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான். "மாத்திரை சாப்பிடறியா?" என்று டாக்டரம்மா கேட்க, மகள் என் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய இரும்புச் சத்து மாத்திரைகளை, "உஷ்ணம்டி, பால் வழியா புள்ளைக்கு இறங்கும்" என்று பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தவள் நான்தான்!

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. பெருமைதான். ஆனால் அதே ஆய்வில், கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2015-16ல் இது 44 சதவீதம். குறைய வேண்டியது கூடியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18 ஆயிரம் ரூபாய் உதவி, அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு. அந்தப் பெட்டகத்துப் பேரீச்சம்பழத்தை எத்தனை வீட்டில் கர்ப்பிணி மட்டும் சாப்பிடுகிறாள்? எங்கள் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டே எல்லாருமாகத் தீர்த்தோம்.

கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் இந்த மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதே அரசு விதி. பின்பாதி பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும், மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று பயந்து நிறுத்திவிடுகிறோம். கறுப்பாகப் போவது சாதாரணம்தானாம். காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையையும் வேறு வேளையில்தான் போட வேண்டும். எலுமிச்சை ஜூஸ், நெல்லிக்காய் நல்லது. நாமோ, சளி பிடிக்கும் என்று பழத்தையும் கீரையையும் நிறுத்தி, தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிறோம்! பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்காதா? பத்தியமே தப்பு என்று சொல்ல வரவில்லை. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் நல்ல சாப்பாடுதான். வேண்டாம் என்று ஒதுக்குகிற பட்டியலில்தான் கோளாறு.

ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். எடை பார்ப்பது, கார்டில் எழுதுவது எல்லாம் குழந்தைக்கு. கூடவே நிற்கிற தாயின் விரலிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தால் என்ன? தனியாக அலைய வேண்டாம், செலவும் அதிகமில்லை. சுகாதாரத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மகள் இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, என் கண்முன்னே மாத்திரை போடுகிறாள். போன வாரம் சோதித்ததில் 10.6. சம்பந்தியம்மாவிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "எங்க மூத்த மருமகளுக்கும் நான் இதைத்தானே செஞ்சேன்" என்றார் அவர்.

- ஒரு வாசகி, விருதுநகர்