அழகா? ஆரோக்கியமா?

"புகையிலை போடாதீர்கள், புற்றுநோய் வரும்" என்று மருத்துவர் எத்தனையோ முறை கூறியும் என் தாத்தா கேட்கவில்லை. ஆனால் சித்தியின் திருமணப் புகைப்படத்தில் தம் கறை படிந்த பற்களைக் கண்டதும் வெட்கப்பட்டு, வெற்றிலைப் பெட்டியையே மூடி வைத்துவிட்டார். அச்சம் சாதிக்காததை அழகு சாதித்ததே என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

ஈராண்டு சென்றது. பற்கள் விழுந்து, பல்செட் கட்டிக்கொண்டார். "இதைக் கழற்றித் தேய்த்தால் கறை போய்விடுமே!" என்று மீண்டும் புகையிலையைத் தொட்டார். கன்னத்தின் உட்புறம் வெண்படலம் தோன்றி, அது புற்றாக மாறக்கூடும் என்று அறிந்த பின்னரே அடியோடு விட்டார்.

நம் நாட்டில் புகையிலை உறைகளில் 2009 முதல் எச்சரிக்கைப் படங்கள் உள்ளன. 2016 முதல் அவை உறையில் 85 விழுக்காடு இடம் பெறுகின்றன. அவை நோயையும் காட்டுகின்றன. நோயால் சிதைந்த முகத்தையும் காட்டுகின்றன. இரண்டும் தேவைதான். ஆயினும் எது நிலைக்கும்?

தோழியரே, நம்மையே பார்ப்போம். உடல் பருக்கும் என்றால் இனிப்பை உடனே நிறுத்துகிறோம். நல்லதுதான். ஆனால் அதே அழகுக்காகக் காலைச் சிற்றுண்டியையும் விட்டுவிட்டு, வழிபாட்டு நேரத்தில் மயங்கி விழுகிறோமே! அழகு மட்டுமே காரணமானால், அது நன்மைக்கும் இழுக்கும், தீமைக்கும் இழுக்கும்.

எனவே அழகாசை நல்ல பழக்கத்திற்கு வாசலைத் திறக்கட்டும். வீட்டைக் காப்பது உடல்நல அறிவாக இருக்கட்டும். நம் உடல் இறைவன் தந்த ஆலயம். சுவருக்கு வண்ணம் பூசுமுன் அதன் அடித்தளத்தைக் காப்போம்!