மாநில எல்லையும் மகவின் இல்லமும்

மணமுறிவைப் பற்றி நம்மிடையே நிறையவே பேசப்படுகிறது. பிரிவுக்குப் பின் பிள்ளைகளோடு ஒருவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வதைப் பற்றியோ பேச்சே எழுவதில்லை. எழுந்தாலும், 'பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்' என்ற ஒற்றை வரியில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. 'என் பிள்ளை, என் விருப்பம்' என்னும் எதிர்வாதத்தையும் ஏற்பதற்கில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சென்னையில் கணவரைப் பிரிந்து வாழும் ஒரு பெண்ணுக்குப் புனேயில் வேலை கிடைக்கிறது. துணைக்குத் தமக்கையும் அங்கே இருக்கிறார். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அல்லாடுபவரை, பிள்ளையின் தந்தை இங்கிருக்கிறார் என்பதற்காக மட்டும் இவ்வூரிலேயே கட்டிப்போடுவது அறமன்று. ஆனால் இடைத்தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சனிக்கிழமைதோறும் மகளைப் பார்த்துவந்த தந்தைக்கு அந்தச் சனிக்கிழமைகள் இல்லாமற் போகின்றன. இருவர் பக்கமும் நியாயம் இருப்பதே இச்சிக்கலின் கடுமை.

சட்டம் என்ன சொல்கிறது? 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே வழக்கை விசாரிக்க வேண்டும். 26-ஆம் பிரிவு, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் அதன் இசைவின்றிப் பிள்ளையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. வழக்கை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தையே அணுக வேண்டியிருக்கிறது. ஆகவே பிரிந்தவர் இருவரும் 'வழக்கமான வசிப்பிடம்' எது என்று வாதிடுவதிலேயே ஆண்டுகள் கரைகின்றன. பிள்ளையோ இதற்கிடையில் இரண்டு வகுப்புகள் ஏறிவிடுகிறது.

1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது. 2010-இல் ஆஸ்திரேலியாவுக்கு மகனை அழைத்துச்செல்ல விழைந்த ஒரு தாயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இசைவளித்தது. அதற்கு முன் நீதிபதிகள் அச்சிறுவனைத் தம் அறைக்கு அழைத்துப் பேசினர். தந்தை மகனைக் காணும் உரிமையும் பறிக்கப்படவில்லை. நாம் பின்பற்றத் தக்க நெறி இதுவே. போகலாமா கூடாதா என்பதோடு நின்றுவிடாமல், போனபின் பிள்ளைக்கு எது எஞ்சும் என்றும் கேட்க வேண்டும்.

நம் அகமரபு இதைத் தன் வழியில் அறிந்திருந்தது. மருதத்தில் ஊடல் தணிக்கும் வாயில்களுள் புதல்வனும் ஒருவன். தலைவிக்குத் தலைவன்மேல் சினம் தீராதபோதும் மகனுக்குத் தந்தை தந்தையாகவே இருந்தான். இன்றைய பிரிவில் அந்த வாயில் கணவன் மனைவியைச் சேர்த்துவைக்க வேண்டியதில்லை. பிள்ளைக்காகத் திறந்திருந்தால் போதும்.

தமிழாசிரியர் என்ற முறையில் இன்னொன்றையும் சுட்டுவோம். மாநிலம் மாறினால் மொழியும் மாறுகிறது. கர்நாடகம் 2015-இலும், மகாராட்டிரம் 2020-இலும் தத்தம் மொழியைப் பள்ளிகளில் கற்பிக்கச் சட்டம் இயற்றின. தமிழ்நாடு 2006-இலேயே இயற்றிவிட்டது. அம்மொழிகளைப் பிள்ளைகள் கற்பது நன்றே. ஆனால் தமிழ் மட்டுமே அறிந்த அப்பத்தாவோடு பேரப்பிள்ளை பேசச் சொல்லின்றி நின்றால், நீதிமன்றம் வழங்கிய சந்திப்பு உரிமை வெறுந்தாளாகிவிடும். எனவே வீட்டில் தமிழ் பேசுவதும் எழுதப் பழக்குவதும் இடப்பெயர்வு ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

பெயர்வோர் முன்கூட்டியே அறிவிக்கட்டும். கோடை விடுமுறையில் யாரிடம், பொங்கலுக்கு எங்கே, பயணச்செலவு யாருடையது என்பதை எழுத்தில் வகுக்கட்டும். எஞ்சியிருப்பவர் வழக்கைப் பழிவாங்கும் கருவியாக்காதிருக்கட்டும். வன்முறைக்கு அஞ்சி வெளியேறுவோர் நிலை முற்றிலும் வேறு; அங்கே உயிர்க்காப்பே முதற்கடமை.

கணவன் மனைவி என்ற உறவுக்கு நீதிமன்றத்தால் முடிவுகட்ட இயலும். தாய் தந்தை என்ற உறவுக்கு அவ்வாறு முடிவில்லை. எந்த மாநில எல்லையும் அதற்கு முடிவாகிவிடலாகாது.