டன்னைக் கூட்டாதீர்கள், தளத்தைக் கவனியுங்கள்

ஏசி வாங்கக் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்விகளில் ஒன்று, “வீடு மேல் மாடியா?” ஆமாம் என்றால் பதில் தயாராக இருக்கும்: “அப்ப ஒரு டன் தாங்காது சார், ஒன்றரை டன்னா எடுத்துக்கங்க.” கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை கூடுதலாகச் சுடும் என்பது அவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சூட்டை மேலேயே தடுக்கலாம் என்று இருவருக்கும் தோன்றுவதில்லை. வெயிலுக்கு மருந்து ஏசிதான், வெப்பக் காப்பெல்லாம் பனி கொட்டும் தேசத்துக்கு என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் அவ்வளவு வேரோடிக் கிடக்கிறது.

அந்த நம்பிக்கை தவறு.

வெப்பம் உள்ளிருந்து வெளியே போனாலும் வெளியிலிருந்து உள்ளே வந்தாலும் காப்பு அதைத் தடுக்கும். லண்டனில் குளிர்காலத்தில் வெளியே 5 டிகிரி, வீட்டுக்குள் 20 டிகிரி என்று வைத்தால் வித்தியாசம் 15. சென்னையில் மே மாத மதியம் வெறும் சிமென்ட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். கீழே ஏசி அறையில் 25. வித்தியாசம் 35 டிகிரி! அந்த நேரத்தில் காப்பு யாருக்கு அதிகம் தேவை?

பன்னிரண்டுக்குப் பத்து அடி படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். மேலே காப்பில்லாத காங்கிரீட் தளம் இருந்தால், உச்ச நேரத்தில் அதன் வழியாக மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோவாட் வெப்பம் உள்ளே இறங்கும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய மொத்த வெப்பமே மூன்றரை கிலோவாட்தான். ஆக, அதன் உழைப்பில் கால் பங்குக்கு மேல் கூரைக்கே போய்விடுகிறது. தளத்தின் மேல் இரண்டு அங்குலக் காப்புப் பலகை பதித்தால் அதே ஒரு கிலோவாட் இருநூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். கடையில் கூட்டச் சொன்ன அரை டன்னுக்குக் காரணம் இந்தக் கூரைதான்.

இரவில் கொடுமை இன்னும் அதிகம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த காங்கிரீட் அதை மெதுவாகத்தான் கீழே விடும். ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்தால் இஸ்திரி போட்டு முடித்த துணியைத் தொட்டது போலிருக்கும். வெளியே கடற்காற்று வீசும். உள்ளே ஃபேன் முழு வேகத்தில் சுழலும். கட்டிலில் படுத்தவருக்கு மட்டும் தூக்கம் வராது. சீலிங்கின் அனல் நேராக உடம்பில் இறங்குகிறது, ஃபேன் காற்றால் அதை நிறுத்த முடியாது. எனவே ஏசியை 18-இல் வைக்கிறார்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. கூரை கொதிக்கும் அறையில் அதை யாரால் கடைப்பிடிக்க முடியும்? இப்படி ஓடும் ஏசியால் இரண்டு மாத மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முந்தைய யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை ஏறிவிடுகிறது.

தளத்தின் மேல் காப்பு வைப்பது இந்த ஊருக்குப் புது வித்தையும் அல்ல. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிய தளங்கள் பழைய வீடுகளில் இன்றும் இருக்கின்றன. அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். மழைக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான். செலவு, அவசரம் என்று சொல்லி அதைக் கைவிட்டோம். அதன் இடத்தில் வெப்பத்தைத் தடுக்க எதையும் வைக்கவில்லை.

இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. கையில் காசில்லாதவர்கள் மாடிக்கு வெள்ளையடித்தாலே சூடு குறையும்; ஆனால் தூசி படிந்தால் பலன் போய்விடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். வெள்ளை கூல் டைல்ஸ் அதைவிட நாள்படும். மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே கலவை போடுவதும் நன்றாக வேலை செய்கிறது. ஃபால்ஸ் சீலிங்கை மட்டும் நம்பக் கூடாது: அறைக்கு ஓரளவு நிம்மதி கிடைக்கும், ஆனால் மேலே தளம் வெந்துகொண்டேதான் இருக்கும், விரிந்து சுருங்கி விரிசல் விடும், பிறகு ஒழுகும். காப்புக்கு இடம் தளத்தின் மேல்பக்கம்.

கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் அவ்வளவாக உதவாது என்பது உண்மை. அங்கே மேற்குச் சுவரையும் ஜன்னலையும்தான் மறைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் பாடு இன்னும் மோசம். கரன்ட் பில் அவருடையது, மாடி ஓனருடையது. தளத்துக்குச் செலவு செய்ய ஓனருக்கு என்ன அவசியம்?

அந்த அவசியத்தைச் சட்டத்தால்தான் உண்டாக்க முடியும். 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ குடியிருப்புகளின் கூரை எவ்வளவு வெப்பத்தை விடலாம் என்று வரம்பு வைத்தது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கே. அதாவது இரண்டு கிரவுண்டுக்கும் மேல்! அரை கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும் எழும் வீடுகள் அதற்குள் வருவதே இல்லை. சின்ன வீடுகளுக்கும் விதி போட முடியாதது அல்ல: 2003-இல் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பைச் சின்ன வீடு, பெரிய வீடு என்று பாராமல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. மழைநீர்க் குழாய் எங்கே என்று வரைபடத்தில் கேட்கும் அதே அதிகாரி, மொட்டை மாடியில் காப்பு எங்கே என்றும் கேட்கட்டும்.