சரக்கு ஏற்றுவோர் நிறுவனத்தின் ஊழியராகட்டும்

சிறிய ரக விமானங்களின் சரக்கறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. லோடர் மண்டியிட்டபடியே பெட்டிகளை இழுத்து அடுக்குகிறார். விமானம் கிளம்பும் நேரம் தப்பக் கூடாது. இவர் யாருடைய ஆள் என்று கேட்டால், விமான நிறுவனம் தரைப்பணி நிறுவனத்தைக் கைகாட்டும். அதுவோ பல இடங்களில் ஆள் சப்ளை செய்யும் ஏஜென்சியைக் கைகாட்டும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, முக்கியப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரைத் தடை செய்கிறது. ஏற்றி இறக்குவது முக்கியப் பணி அல்ல என்று அதில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்த வேலைக்கென்றே தொடங்கப்பட்ட நிறுவனத்துக்கு அந்த விலக்கு கிடையாது. விமான நிலையச் சரக்கு நிறுவனம் வேறு எதற்காகத் தொடங்கப்பட்டது? வழக்கமாகவே ஒப்பந்ததாரர் மூலம் நடக்கும் வேலை என்று இன்னொரு வாசலையும் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. அதை மத்திய அரசு மூட வேண்டும்.

தடை மட்டும் போதாது என்பதும் அனுபவம். ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டால் தொழிலாளர் நேரடி ஊழியராவார் என்று ஏர் இந்தியா வழக்கில் 1996இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2001இல் அதையே மாற்றிவிட்டது. வேலையில் இருப்பவரை அப்படியே ஏற்கும் கடமையைச் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

ஜவ்வாதுமலையிலுள்ள நம் நெல்லிவாசல்நாட்டுக்கு இதில் அக்கறை உண்டு. இந்த மலையின் மலையாளிப் பழங்குடியினர் பலர் பிழைப்புக்கு மலையிறங்குவது மேஸ்திரி தரும் அட்வான்ஸை நம்பித்தான். 2015 ஏப்ரல் 7 அன்று செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். விமான நிலைய வேலை கௌரவமான வேலை. அதற்கும் புரோக்கர் மலையேறி வர விடக் கூடாது.

விமான நிலைய நுழைவு அனுமதி அட்டை போலீஸ் விசாரணைக்குப் பிறகு, வேலை தரும் நிறுவனத்தின் பேரில்தான் கிடைக்கிறது. நிறுவனம் போனால் அட்டையும் போகும். 2025 மே மாதம் துருக்கியின் செலிபி தரைப்பணி நிறுவனத்துக்குப் பாதுகாப்பு அனுமதி ரத்தானபோது, சுமார் 10,000 ஊழியர்களின் பிழைப்பு ஒரே நாளில் கேள்விக்குறியானது. நேரடி ஊழியருக்கே இந்தக் கதி என்றால், ஏஜென்சி ஆளுக்காக யார் பேசுவார்கள்? மத்திய அரசுப் பணிகளில் பழங்குடியினருக்குள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் தனியார் ஏஜென்சி வழியே போகும் இளைஞருக்கு எட்டாது.

திருப்பத்தூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் புதூர்நாட்டிலும் நெல்லிவாசல்நாட்டிலும் முகாம் நடத்தட்டும். தரைப்பணி நிறுவனங்கள் அங்கேயே வந்து ஆள் எடுக்கட்டும். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் எழுதிய நியமனக் கடிதம் கையில் வந்த பிறகே நம் பிள்ளைகள் ஜோலார்பேட்டையில் ரயில் ஏற வேண்டும்.