சிவப்பா மினுக்கினா என்னாத்துக்குன்னு பெரியம்மாவுக்கு யார் சொல்றது?

ரொம்ப நாளா தொண்டையில நிக்கிற விஷயம், இன்னிக்கு துப்பிடறேன். கேமரா விக்கிற மகராசனுங்க யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா கொஞ்சம் காதை நீட்டிட்டுப் போங்க.

இப்போ ஊர்ல எந்தத் தெருவுல போனாலும் வாசல்ல ஒரு முட்டைக்கண்ணு கேமரா உக்காந்திருக்கு. வயர் இழுக்கற வேலை கிடையாது, வைஃபை போதும். பையன் பெங்களூர்லயோ சிங்கப்பூர்லயோ ஆணி புடுங்கிட்டு இருப்பான். ஊர்ல வயசான அம்மா தனியா இருப்பாங்க. 'நான் மொபைல்ல பாத்துக்கறேம்மா'ன்னு ஒண்ணை மாட்டிட்டுப் போயிடுவான். அதுல தப்பு சொல்லல. நானும் சொந்தக்காரங்க வீட்டுல நாலஞ்சு மாட்டிக் கொடுத்தவன்தான்.

எங்க தெருவுல ஒரு பெரியம்மா வீட்டுல அப்படி ஒரு கேமரா 11 நாள் செத்துக் கிடந்துது. யாருக்கும் தெரியல. கேபிள்காரர் வந்து நெட் பொட்டி பழசாயிடுச்சுன்னு புதுசு மாத்திட்டுப் போயிருக்காரு. வைஃபை பேரு மாறிப் போச்சு. கேமரா பழைய பேரைத் தேடித் தேடி, 11 நாளும் சிவப்பா மினுக்கிட்டே இருந்திருக்கு. பெரியம்மா தினமும் கோலம் போடறப்ப அதைப் பாத்துருக்காங்க. கேட்டா, 'லைட்டு எரியுதேய்யா, நல்லாத்தானே இருக்கு'ங்கறாங்க.

சிரிக்காதீங்க. அவங்க சொன்னதுல என்ன தப்பு? அவங்க வீட்டுல அயர்ன் பாக்ஸ்ல சிவப்பு எரிஞ்சா சூடாவுதுன்னு அர்த்தம். ரைஸ் குக்கர்ல சிவப்பு எரிஞ்சா சோறு வேகுதுன்னு அர்த்தம். கீசர்ல சிவப்புன்னா தண்ணி காயுது. டிவியில சிவப்புன்னா கரண்ட் இருக்கு. அம்பது வருஷமா சிவப்பு விளக்கு அவங்ககிட்ட 'வேலை நடக்குது'ன்னுதான் சொல்லிட்டு இருக்கு. திடீர்னு ஒரு கேமரா வந்து 'நான் செத்துட்டேன்'னு அதே சிவப்புல சொன்னா, புரியாதது அவங்க குத்தமா?

'மேனுவல்ல போட்டிருக்கே'ன்னு ஒரு கோஷ்டி வரும். வாங்க ராசா, மேனுவலையே பாப்போம்.

டேப்போ சி200. நம்மூர்ல நெறைய வீட்டுல இருக்கற மாடல். மெதுவா சிவப்பு மினுக்கினா வைஃபையில சேர முயற்சி பண்ணுதுன்னு அர்த்தம். வேகமா சிவப்பு மினுக்கினா ரீசெட் ஆவுதுன்னு அர்த்தம். எதை விட மெதுவா, எதை விட வேகமா? பக்கத்துல இன்னொரு கேமரா வெச்சா ஒப்பிட முடியும்? சிவப்பும் பச்சையும் மாறி மாறி வந்தா புதுசா செட்டப்புக்குத் தயார். ஆரஞ்சு நின்னு எரிஞ்சா வைஃபை கெடைச்சுது, இணையம் இன்னும் கெடைக்கல. பச்சை நின்னு எரிஞ்சா சுபம்.

சரி, மனப்பாடம் பண்ணியாச்சா? இப்ப வைஸ் கேம் வி3க்கு வாங்க. அதுல பச்சையே கிடையாது, நீலம் நின்னு எரிஞ்சாத்தான் சுபம். பேட்டரியில ஓடுற கேமராக்கள் பலதுல விளக்கே எரியாம இருந்தாத்தான் சுபம், பேட்டரியை மிச்சப்படுத்தணுமே. ஆக ஒரு வீட்டுல பச்சை நல்லது, அடுத்த வீட்டுல நீலம் நல்லது, மூணாவது வீட்டுல இருட்டே நல்லது. வெளங்கிடும்!

இந்த லட்சணத்துல கலர் பார்வை பத்தி யாராச்சும் யோசிச்சாங்களா? ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல நூத்துக்கு 8 பேருக்கு சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்கறதுல கோளாறு உண்டு. நம்ம பக்கம் கொஞ்சம் கம்மி, ஆனா இல்லாம இல்ல. கண்புரை விழுந்த கண்ணுக்கு நீலம் மங்கிப் போகும். ரோட்டு சிக்னல்ல கலர் தெரியாதவன்கூட மேல எரியுதா கீழ எரியுதான்னு பாத்து வண்டியை நிறுத்திருவான். இங்க இருக்கறது ஒத்தை விளக்கு. மேலயும் இல்ல, கீழயும் இல்ல.

விதி இல்லாமலும் இல்ல. இயந்திரங்கள்ல சிவப்புன்னா ஆபத்து, மஞ்சள்னா கவனி, பச்சைன்னா சரி, நீலம்னா நீ ஏதாவது செய்யணும்னு ஐ.இ.சி. 60073 மாதிரி சர்வதேச தரமே இருக்கு. ஃபேக்டரியில வேலை செய்யறவனுக்குக் கெடைக்கற மரியாதை வீட்டுல இருக்கற பெரியம்மாவுக்கு ஏன் இல்ல? நம்ம மத்திய அரசும் சும்மா இல்ல. 2024 ஏப்ரல்ல சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம்னு அறிவிச்சு, 2025 ஏப்ரல்ல அமலுக்குக் கொண்டு வந்துச்சு. ஒட்டுக் கேக்காம இருக்கறதுக்கு விதி போட முடிஞ்சவங்களால, செத்துப் போனா ஒழுங்கா சொல்றதுக்கும் ஒரு விதி போட முடியாதா?

'அதான் ஆப் இருக்கே'ங்கறது அடுத்த கோஷ்டி. இருக்கு. பூனை போனா ஒரு அறிவிப்பு, வாழை இலை ஆடினா ஒரு அறிவிப்பு, கிளவுட் சந்தா கட்டுன்னு ரெண்டு அறிவிப்பு. இத்தனைக்கும் நடுவுல 'கேமரா ஆஃப்லைன்'ங்கற ஒத்தை வரி எவன் கண்ணுல படும்? பாதிப் பேரு தொல்லை தாங்காம அறிவிப்பையே மூடி வெச்சிருக்கான்.

இதுல பெரிய காமெடி என்னன்னா, இந்தக் கேமராக்கள்ல பெரும்பாலானதுக்கு வாய் இருக்கு. ஸ்பீக்கர் உள்ளயே வெச்சிருக்கான். செட்டப் பண்றப்ப சில கேமரா இங்கிலீஷ்ல என்னமா பேசுது! விக்கிற வரைக்கும் பேசற வாய், பிரச்னைன்னு வந்தா ஊமையாயிடுது. 'இணையம் இல்லை, பையனுக்கு போன் பண்ணுங்க'ன்னு தமிழ்ல ஒரு வாக்கியத்தைப் பதிஞ்சு வெக்க என்ன செலவாயிடும்? 'ரெண்டாயிரம் ரூபா சாமான் அவ்ளோதான்'னு சொல்லாதீங்க. அதே காசுக்கு வாங்கற பிரஷர் குக்கர் விசில் அடிச்சா மூணாவது வீட்டுக்குக் கேக்குது.

எல்லாத்தையும் விட என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறது கஸ்டமர் கேர் அண்ணன்மாருங்க. எதுக்கெடுத்தாலும் முதல் வாக்கியமே 'ரீசெட் பண்ணுங்க சார்'. பவரைப் புடுங்கிச் சொருகறது வேற, ரீசெட் வேற. ரீசெட் பட்டனை அமுக்கிப் பிடிச்சா வைஃபை பேரு, கடவுச்சொல் அத்தனையும் அழிஞ்சுடும். அப்புறம் பெரியம்மா மறுபடி செட்டப் பண்ணுவாங்களா? பையன் அடுத்த பொங்கலுக்கு வர்ற வரைக்கும் அது சுவத்துல ஒட்டின பல்லிதான்.

ரீசெட்டுக்கு முன்னாடி பாக்க வேண்டியது இவ்வளவு இருக்கு:

ராத்திரியில லென்ஸைச் சுத்தி லேசா சிவப்பாத் தெரிஞ்சா அது எச்சரிக்கையே இல்ல. இருட்டுல பாக்கறதுக்கான அகச்சிவப்பு விளக்கு. 850 நானோமீட்டர் விளக்குன்னா அப்படித்தான் மங்கலாத் தெரியும், விட்டுடுங்க.

பகல்ல நல்லா ஓடி, ராத்திரி மட்டும் செத்துச் செத்துப் பொழைச்சா அடாப்டரையும் கேபிளையும் பாருங்க. அந்த அகச்சிவப்பு விளக்கு எரியறப்ப கரண்ட் கூடுதலா வேணும். சொத்தை அடாப்டரும் நீளமான மெல்லிசு கேபிளும் அதைத் தாங்காது.

கரண்ட் போய் வந்த உடனே மினுக்கினா அஞ்சு நிமிஷம் பொறுங்க. கேமரா எழுந்துட்டாலும் நெட் பொட்டி இன்னும் தூங்கிட்டு இருக்கும்.

அதுக்கும் மேல மினுக்கினா அதே வைஃபையில மொபைல்ல நெட் வருதான்னு பாருங்க. வரலைன்னா கேமரா மேல குத்தமில்ல, பில் கட்டினீங்களான்னு பாருங்க.

மொபைல்ல வருது, கேமராவுல வரலையா? பொட்டி மாறிச்சா, கடவுச்சொல் மாறிச்சான்னு கேளுங்க. மாறியிருந்தா கேமராவைத் தொடவே வேணாம். புதுப் பொட்டியில பழைய பேரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்து மாறாம வெச்சா, பாதுகாப்பு முறையும் பழசு மாதிரியே இருந்தா, கேமரா தானா வந்து ஒட்டிக்கும். பெரியம்மா வீட்டுல அப்படித்தான் சரியாச்சு, ஏணி கூடப் போடல.

பேரு மாறலைன்னா 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை திறந்திருக்கான்னு பாருங்க. மலிவுக் கேமராக்கள் பலதுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் காதுலயே விழாது.

இது எல்லாம் முடிஞ்சு, வீட்டுல விவரம் தெரிஞ்ச ஆளு இருந்தா மட்டும் ரீசெட்.

கடைசியா நம்மாளுங்களுக்கு. வெளியூர்ல இருந்துட்டு 'அம்மா அந்த லைட் என்ன கலர்ல எரியுது, சொல்லு சொல்லு'ன்னு போன்ல கத்தற சிங்கங்களே, அவங்களுக்கு அது பரிட்சையா என்ன? அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு காலண்டர் அட்டை எடுத்து, 'பச்சை நின்னு எரிஞ்சா சரி, வேற எது எரிஞ்சாலும் எனக்கு போன் பண்ணு'ன்னு தமிழ்ல கொட்டை எழுத்துல எழுதி கேமராவுக்குக் கீழ ஒட்டிட்டு வாங்க. கம்பெனிக்காரன் வருஷக் கணக்கா செய்யாததை நீங்க ரெண்டு நிமிஷத்துல செஞ்சுடலாம்.

டிஸ்கி: உங்க வீட்டுக் கேமராவுல எந்த கலர் நல்ல கலர்னு சொல்லிட்டுப் போங்க சாமிகளா. மாடல் வாரியா ஒரு தமிழ் அட்டை தயார் பண்ணிடலாம். கம்பெனி பண்ணட்டும்னு உக்காந்தா நாமளும் மினுக்கிட்டே இருக்க வேண்டியதுதான் :-)